நூற்றியொன்று

குதைபியாவில், பணம் அனுப்பும் கடையில்,
மூன்றாம் கவுண்ட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
பதினேழு வருடமாக நான்.
கண்ணாடியின் அடியில் பிறை போல ஒரு துளை.
தினார் உள்ளே வரும், ரசீது வெளியே போகும்.
எண்ணுகிற விரலில் எதுவும் ஒட்டாது,
ஸ்பாஞ்சின் ஈரம் தவிர.

ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும்
பாங்காக்கில் லாட்டரி குலுக்குவார்கள்.
அதற்கு மனாமாவில் தூக்கம் கெட்டவர்கள் நாங்கள்,
ரொட்டி சுடும் பெஷாவர்க்காரர்,
மலப்புறத்து ஜூஸ் கடைக்காரன், பெரம்பலூர் நான்.
தையற்கடைப் பின்னறையில் சீட்டு எழுதுவார்கள்.
கடைசி மூன்று இலக்கம் போதும்.
டாக்சி நம்பர், ஆஸ்பத்திரிப் படுக்கை நம்பர்,
கனவில் கடித்த நாயின் பல் எண்ணிக்கை,
எதையும் விட்டதில்லை.
தாய்லாந்து முகம் ஒன்று கண்ணாடியில் தெரிந்தால்
லட்சுமியே வரிசையில் நிற்பதாகத் தோன்றும்.

நோங்யாவ் அப்படித்தான் வந்தாள்.
அத்லியா ஹோட்டலில் பப்பாளிக்காய் இடிப்பவள்.
அவள் தரும் நோட்டில் மீன்சாறு மணக்கும்.
எந்த ஊர் என்றேன், நம்பர் தேடித்தான்.
ரோய் எட் என்றாள். அப்படியென்றால்?
கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டினாள்
1 0 1
ஊர்ப்பெயரே மூன்று இலக்கம்!
சாயங்காலமே பத்து தினார் கட்டினேன்.
விழுந்தது 740.
ஆறு வருடம் கட்டிவிட்டேன்.

மாதம் எண்பது தினார். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.
ரேட் ஏறும், வியாழன் வரை பொறு என்பேன்.
பொறுத்துப் பழகியவன் நான்,
ரூபாய் இன்னும் சரியட்டும் என்று காத்திருந்து
மகளின் காலேஜ் ஃபீஸை அபராதத்தோடு கட்டியவன்.
அவள் உதட்டைக் குவித்துச் சொன்னாள்,
போ.
சுருக்கென்றது.
என்னைப் போ என்று சொல்ல இவள் யார்?
பிறகு சொன்னார்கள்,
அவர்கள் பேச்சில் அதற்குப் போதும் என்று பொருளாம்.
நம் சொல்லில் முன்பாதி மட்டும்.
'தும்'மைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

சாமியாரெல்லாம் இல்லை அவள்.
கமிஷனில் இருநூறு ஃபில்ஸ் குறை என்று
பின்வரிசை திட்டத் திட்ட நிற்பாள்.
அவள் அறைத்தோழி சிரிபோன்
குலுக்கலில் சங்கிலியைத் தோற்றவள்,
ஒருநாள் என்னிடமே நம்பர் கேட்டாள்.

போன வாரம் வந்தாள்.
முதலாளி முப்பது தினார் கூட்டித் தருகிறாராம், இரு என்கிறாராம்.
பையிலிருந்து ஒரு மளிகை பில்லை எடுத்தாள்.
பின்பக்கம் மூன்றே வரி, ஆறு வருடத்து எழுத்து.
அடகு வயல். பம்ப்செட். நீலத் தகரக் கூரை.
என் பேனாவை வாங்கிக் கூரையை அடித்தாள்.

என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது.
ஒரு மனை என்று எழுதி வந்தேன்.
இப்போது மூன்று.
மூன்றாவதின் கடனை அடைக்க
நான்காவது ஒன்று பார்த்து வைத்திருக்கிறான் மச்சான்.

அன்று அவள் அனுப்பியது நூற்றியொரு தினார்.
எதற்கு அந்த ஒன்று?
எங்கள் ஊரில் மொய்க்கு அப்படி வைப்போம் என்றேன்,
கணக்கு முடிந்துவிடக் கூடாது என்று.
எங்கள் ஊரே அதுதானே, என்று சிரித்தாள்.
மூடி போடாமல் பேனாவைத் துளையில் தள்ளிவிட்டுப் போனாள்.
ரசீதை மடிக்கக்கூட இல்லை.

இன்று பதினாறு.
தையற்கடையில் பாதி தைத்த தோப்புகளுக்கு நடுவே நிற்கிறேன்.
என்ன செய்யலாம் என்கிறான்,
ஊசியை உதட்டில் கடித்தபடி.
நானும் உதட்டைக் குவித்தேன்.
போ,
என்றுதான் ஆரம்பித்தேன், சத்தியமாக.
எங்கிருந்தோ ஒரு டு வந்து ஒட்டிக்கொண்டது.

போடு.
நூற்றியொன்று.